சுற்றுலாப் பாடத்தில் ஓர் உடைக் கேள்வி

ஏழாம் வகுப்பில் சுற்றுலா பற்றிய பாடத்தை நடத்தும்போது, "மாலத்தீவுக்குப் போகிறவர் பெட்டியில் என்ன உடை எடுத்து வைக்க வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டே விடைகள்தாம் வரும். விளம்பரப் படங்களைப் பார்த்தவர்கள் நீச்சலுடை என்பார்கள். அது முஸ்லிம் நாடு என்று அறிந்தவர்கள் பர்தா என்பார்கள். இரண்டும் போதாது.

வரைபடத்தை மாட்டுங்கள். மாலத்தீவு சுமார் 1,200 பவளத் தீவுகளால் ஆனது. மக்கள் குடியிருப்பவை அவற்றில் இருநூறுக்கும் குறைவு. வேறு பல தீவுகள் ஒவ்வொன்றும் ஒரு விடுதிக்கே உரியவை. விடுதித் தீவில் நீச்சலுடைக்குத் தடையில்லை. படகேறி மக்கள் வாழும் தீவில் இறங்கினால் தோளும் தொடையும் மறைந்திருக்க வேண்டும். ஆணுக்கும் சட்டை வேண்டும். ஆனால் சுற்றுலாப் பயணி தலையை மூட வேண்டும் என்ற கட்டாயம் தெருவில் இல்லை. மாஃபுஷி போன்ற தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் பெருகியபின், பயணிகள் நீச்சலுடையில் குளிப்பதற்கென்றே கடற்கரையில் ஒரு பகுதியை மறைப்புக் கட்டி ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரே நாட்டில் தீவுக்குத் தீவு ஏன் இந்த மாற்றம்? காரணத்தை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். ஒன்று விருந்தினருக்கென்றே உள்ள இடம், மற்றது பிறர் குடியிருக்கும் தெரு.

அடுத்து, விதியை யார் வகுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஈரானில் அது சட்டம். 1979 புரட்சிக்குப்பின் வந்த அச்சட்டப்படி வெளிநாட்டுப் பெண்ணும் தலையை மறைக்க வேண்டும். அந்நாட்டுப் பெண்களே 2022இல் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள் என்பதையும் மேல் வகுப்புகளில் சொல்லத்தான் வேண்டும். துருக்கியில் கதை நேர்மாறு. அரசு அலுவலகங்களில் பெண் ஊழியர்கள் முக்காடு அணியக் கூடாது என்றிருந்த தடை 2013இல்தான் நீங்கியது. மலேசியாவில் பயணிகள் சாதாரண உடையில் தெருவில் நடக்கலாம். புத்ராஜெயா மசூதிக்குள் செல்ல மட்டும் வாசலில் அங்கி தருகிறார்கள். அதே நாட்டில், பத்துமலை முருகன் கோயில் படிக்கட்டின் அடியில், குட்டை உடையில் வரும் பெண்கள் இடுப்பில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டுதான் மேலே ஏற முடியும். இதைச் சொன்னதும் 'அவர்கள் வழக்கம்' என்று பேசிக்கொண்டிருந்த வகுப்பு சற்று யோசிக்கும்.

இந்தப் பாடவேளையில் ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வகுப்பிலுள்ள முஸ்லிம் மாணவியை எழுப்பி, "உங்கள் வீட்டில் எப்படி?" என்று கேட்க வேண்டாம். மாலே நகரத்து விதி நாகூர்க் குழந்தைக்கு எப்படித் தெரியும்? அப்படி எழுப்பப்பட்ட குழந்தை அன்று முழுவதும் தலை நிமிர்த்தாது. மற்றவர்களோ, உடை என்பது அவள் ஒருத்திக்கு மட்டுமான கேள்வி என்று எண்ணிக்கொள்வார்கள்.

செயல்பாடு எளிது. ஒரு குழுவுக்கு மாலே நகரத் தெரு, ஒன்றுக்கு மசூதி, ஒன்றுக்கு விடுதித் தீவு, இன்னொன்றுக்கு மக்கள் வாழும் தீவின் கடற்கரை என்று பிரித்துக் கொடுத்து, பெட்டியில் வைக்க வேண்டியதைக் காரணத்துடன் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான குழுக்கள் பெண்ணுக்கு மட்டுமே எழுதி வரும். ஆணுக்கு என்ன என்று கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலுக்குள் செல்ல ஆண் சட்டையைக் கழற்ற வேண்டும். அங்கிருந்து விமானமேறி மாலேயில் இறங்கினால், சட்டையில்லாமல் தெருவில் நடக்க முடியாது. ஏன் என்று எழுதி வர அவர்களுக்கு ஒருநாள் அவகாசம் கொடுக்கலாம்.