தோல் படையும் மூட்டு வலியும்

பால்வெட்டுத் தொழிலாளிக்குக் கையின் பிடியே மூலதனம். உளி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். மேலாக வெட்டினால் பால் குறையும். அந்த உளியைப் பற்றும் விரல்கள் விடியற்காலையில் மடங்க மறுத்தால், அன்றைய நிரையை எவ்வாறு முடிப்பது?

கோலா குபு பாரு, கெர்லிங், களும்பாங் வட்டாரங்களில் இத்தகைய வலியைப் பனிக்காற்றால் வந்த வாதம் என்று கூறித் தைலம் தேய்ப்பவர் பலர். ஆனால் அவருடைய முழங்கையிலோ முழங்காலிலோ வெள்ளிச் செதில் உதிரும் சிவந்த படை உள்ளதா என்று நாம் பார்ப்பதில்லை. சொரியாசிஸ் எனப்படும் அத்தோல் நோய் உடையவர்களில் பத்துப் பேருக்கு மூவர் வரை மூட்டு அழற்சிக்கும் ஆளாகலாம். பெரும்பாலோர்க்குப் படை முதலில் தோன்றும். மூட்டு வலி சில ஆண்டுகள் கழித்தே வரும். அதனால் இரண்டும் ஒரே நோய் என்பது எளிதில் புலப்படுவதில்லை. இங்கிலாந்தின் மோல், ரைட் என்னும் மருத்துவர் இருவர் 1973-இல் இந்நோயை ஐந்து வகையாகப் பிரித்து விளக்கினர்.

இது தொற்று நோயன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றலே தோலையும் மூட்டையும் தாக்குவதால் உண்டாவது. 1930-இல் சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்ட இம்மாநிலத்தில், தோலில் படை கண்டாலே அஞ்சி ஒதுங்கும் மனப்பான்மை நெடுநாள் இருந்ததில் வியப்பில்லை. அவ்வச்சத்தால் படையை மறைப்பவர், மூட்டு வலியையும் சேர்த்து மறைத்துவிடுகிறார். கேடு அங்கேதான் தொடங்குகிறது.

காலை விறைப்பு அரை மணி நேரத்திற்கு மேல் நீடித்தல், ஒரு விரல் முழுவதும் வீங்குதல், நகத்தில் ஊசி குத்தியது போன்ற குழிகள், குதிகால் வலி ஆகியவை அடையாளங்கள். இடுப்பு வலி ஓய்வில் மிகுந்து, நடந்தால் குறைவதும் உண்டு.

வலிக்கிறதே என்று கையைக் கட்டி வைத்தால் மூட்டு இறுகும், தசையும் மெலியும். ஆதலால் காலையில் இருபது நிமிடம் முன்னதாக எழுந்து, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் விரல்களை வைத்திருங்கள். நீருக்குள்ளேயே மெதுவாகக் கைகளை மூடித் திறங்கள். கட்டை விரலால் மற்ற விரல்களின் நுனியை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். மணிக்கட்டை இரு பக்கமும் சுழற்றுங்கள். பின்னர் ஈரத்தை ஒற்றியெடுத்து மருந்துக் களிம்பைப் பூசலாம். முழங்காலுக்கு, நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி ஐந்து வரை எண்ணி இறக்குங்கள்; ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை போதும். குதிகால் வலிக்குச் சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்துக் குதிகால் தரையில் படியுமாறு மெல்லச் சாயுங்கள்.

பயிற்சிக்குப் பின் வலி இரண்டு மணி நேரத்திற்கு மேல் நீடித்தால் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள். மறுநாள் பாதியாகக் குறையுங்கள். மூட்டு சிவந்து கனலும் நாளில் பாரம் தூக்குவது கூடாது. அன்று மெதுவாக மடக்கி நீட்டுவது மட்டும் போதும்.

உளியின் பிடியும் கவனிக்கத்தக்கது. ஒல்லியான பிடியை விரல்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிப்பாக்கினால் குறைந்த வலுவே போதும். வழுக்காமலும் தோலில் உராயாமலும் சுற்றுவது முக்கியம். இந்நோயில் காயம் பட்ட இடத்தில் புதிய படை தோன்றக்கூடும். ஒரு வாளியை ஒரே கையில் நிறையச் சுமப்பதைவிட, இரு வாளிகளில் பாதி பாதியாக எடுத்துச் செல்வது நல்லது.

பயிற்சி மருந்துக்கு ஈடாகாது. மருத்துவர் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை கொடுத்தால் வாரம் ஒரு முறை மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உட்கொள்வது உயிருக்கே ஆபத்து. மதுவும் அம்மருந்தும் சேர்ந்தால் கல்லீரல் கெடும். இதில் சம்சுவுக்கும் கள்ளுக்கும் விலக்கில்லை.

கோலா குபு பாரு மருத்துவமனையிலோ அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கிலோ முதலில் காட்டுங்கள். தேவையானால் செலாயாங் மருத்துவமனையின் மூட்டு நோய்ப் பிரிவுக்கு அனுப்புவார்கள். வாத நோய்க்கான இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் இந்நோய் இல்லை என்று ஆகாது. ஆகவே, தலைமுடிக்குள்ளும் காதின் பின்புறத்திலும் உள்ள படையையும் நகங்களையும் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.