வயலில் பூக்கும் உப்பைப் பரீட்சித்தறிதல்

நிலத்தின் மேல் வெண்பொருக்குப் பூத்தவுடன் ஜிப்சம் வாங்கி இறைக்கும் வழக்கம் குடியானவர்களிடையே காணப்படுகிறது. தொப்பூரில் ஒரு பட்டாதார் தம் கிணற்றடி வயலுக்கு இவ்வாறே செய்து, பணம் செலவானதன்றிப் பலன் யாதும் காணவில்லை. மண்ணில் திராவகம் விட்டதும் நுரைத்ததாம். அதைக் கொண்டே களர் என்று ஒரு வியாபாரி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நுரைத்தது மெய்யே. ஹைட்ரோகுளோரிக் திராவகம் பட்டால் கார்பனேட்டு உப்புக்கள் கரியமில வாயுவை விடும். அவ்வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் நீர் பால்போல் வெளுக்கும். நம் மூச்சை ஊதினாலும் அவ்விதமே. ஆனால் களரிலுள்ள சோடியம் கார்பனேட்டும் பொங்கும், தீங்கற்ற சுக்கான்கல்லும் பொங்கும். பின்னது நீரில் கரையாதது. ஆகையால் மண்ணை விடுத்து, மண் ஊறிய நீரையே பரீட்சிக்க வேண்டும்.

ஒரு பங்கு மண்ணில் ஐந்து பங்கு சுத்தமான மழைநீர் விட்டுக் கலக்கி, வடிதாளில் வடித்து, மூன்று கண்ணாடிக் குழாய்களில் ஊற்றுக. கிணற்று நீர் உதவாது. அதிலேயே உப்பு உண்டு. களர்மண் எளிதில் தெளியாது, தாளிலும் மெல்லவே இறங்கும். அதுவே ஓர் அறிகுறி.

முதற் குழாயில் பினாப்தலீன் சில துளி விட, இளஞ்சிவப்பு நிறம் தோன்றினால் களர். இரண்டாவதில் நைட்ரிக் திராவகமும் பின் வெள்ளி நைட்ரேட்டும் விட, தயிர் திரிந்தாற்போல் வெண்படிவு விழுந்தால் குளோரைடு. அப்படிவு அம்மோனியா நீரில் கரையும். இலேசான கலங்கலைப் பொருட்படுத்த வேண்டாம். மூன்றாவதில் ஹைட்ரோகுளோரிக் திராவகமும் பேரியம் குளோரைடும் விட, வெண்படிவு சல்பேட்டைக் காட்டும். பேரியம் குளோரைடு விஷம். குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

மேற்படி வயலின் நீரில் நிறம் தோன்றவில்லை. மற்ற இரண்டிலும் படிவு திரண்டது. அது உவர்நிலம். வடிகால் வெட்டி, நல்ல நீர் கட்டி உப்பைக் கழுவி விடுதலே அதற்கு வழி. களருக்கு மட்டுமே ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் மண்ணைப் பற்றிய சோடியத்தை விலக்கும். விலகிய சோடியம் வெளியேற அங்கும் வடிகால் வேண்டும். ஏக்கருக்கு எவ்வளவு என்பதை இச்சோதனைகள் சொல்லமாட்டா. மண் பரிசோதனை நிலையத்திற்கு மாதிரி அனுப்பியே அறியலாம்.

கிணற்று நீரையும் இம்முறையில் பார்க்கலாம். ஆயினும் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடு இவற்றில் எதற்கும் அகப்படாது. இம்மாவட்டத்து நிலத்தடி நீரில் அது மிகுந்திருந்தமையாலேயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. பயிருக்கு ஒத்த நீரெல்லாம் குடிக்கவும் ஒத்தது என்று கொள்ளலாகாது.