வாசலில் நீட்டிய கை

திருநாட் காலங்களிலே நமது கோவில் வாசல்களில் கையேந்துவோர் வரிசையாக இருக்கின்றனர். சந்திகளிலோ குடித்துவிட்டு வம்புக்கு நிற்போர் உளர். இவ்விரு சாராரையும் ‘ஊருக்குத் தொல்லை’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். இது முறையா?

1841ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையில் இயற்றப்பட்ட அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் தெருவில் குழப்பம் விளைப்போரையும் இரந்து திரிவோரையும் சேர்த்தே பேசியது. ஆயினும், உழைக்க வலுவிருந்தும் மறுத்து இரப்பவனையே அது குற்றவாளியாகக் கண்டது. சட்டம் காணும் வேறுபாட்டைக் கிறிஸ்தவன் காணாதிருக்கலாமா?

முதலாவது, இயலாதோர். முதியோர், அங்கவீனர், மனநோயுற்றோர் ஆகியோருக்குக் கொடுப்பது தயவன்று, கடமை. இயேசு கூறிய உவமையிலே செல்வன் லாசரை அடித்ததாகவோ துரத்தியதாகவோ இல்லை. வாசலில் கிடந்தவனைக் கவனியாதிருந்ததே அவன் செய்த பாவம்.

இரண்டாவது, சிறுவர். பிள்ளையின் கையில் நாம் போடும் காசு பெரும்பாலும் அதனை அனுப்பியவர் கைக்கே போகிறது. காசு கிடைக்கும்வரை அப்பிள்ளை பள்ளிக்கூடம் போகாது. சிறுவரை இரக்க வைப்பது நமது நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். பசித்த பிள்ளைக்கு உணவு கொடுங்கள். பின்னர் பங்குக் குருவானவருக்கோ, 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கோ அறிவியுங்கள்.

மூன்றாவது, வலுவிருந்தும் உழையாது குடிப்போர். இவர்களுக்குக் காசு கொடுப்பது அன்பாகாது. உழைக்க மனமில்லாதவன் உண்ணவும் வேண்டாம் என்ற புனித சின்னப்பர், அதே நிருபத்தில், அத்தகையவனைப் பகைவனாக எண்ணாது சகோதரனாகத் திருத்தும்படியும் கேட்கிறார். வேலை தேடிக் கொடுப்பதும், குடியை விட வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும் அத்திருத்தத்தில் அடங்கும்.

தேவாலய வாசலில் இரந்த முடவனுக்குக் கொடுக்க இராயப்பரிடம் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. அவர் அவனை உற்று நோக்கினார்; வலக்கையைப் பிடித்துத் தூக்கினார். வாசலோடு நின்றவன் அன்று அவர்களோடு உள்ளே சென்றான். 1833இல் பாரிஸ் நகரில் ஓசானாமும் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் டி பவுல் சபையும் ஏழைகளை அவர்கள் வீடுகளுக்கே சென்று சந்திப்பதைத் தன் முதற்பணியாகக் கொண்டது.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நமது கோவில் வாசலில் இருப்பவர் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா?

2. நாம் கொடுக்கும் காசு அவரை எழுப்புகிறதா, அவ்விடத்திலேயே இருத்துகிறதா?

3. இம்மாதம் யாருடைய கையை நாம் பிடித்துத் தூக்கலாம்?