கடையில் கேபிள் டி.வி. பெட்டி: பொருத்தும் முறையும் பாதுகாப்பும்

மளிகை, அரிசி மண்டி, இரும்புக் கடை, ஜவுளிக் கடை என்று எங்கே நுழைந்தாலும் கல்லாவுக்கு எதிரே ஒரு டி.வி. மாட்டியிருப்பதை இன்று பார்க்கிறோம். சரக்குக் கட்டும் வரை காத்திருக்கும் வாடிக்கையாளர் செய்தி பார்க்கிறார். கிரிக்கெட் நடக்கும் நாளில் கடைப் பையன்களுக்கும் அதுவே பொழுதுபோக்கு. அந்த டி.வி.யோடு ஒரு சிறிய கறுப்புப் பெட்டியும் இருக்கிறது. செட்டாப் பாக்ஸ் என்று நாம் சொல்லும் பெட்டி அதுதான். தராசையும் பில் போடும் கம்ப்யூட்டரையும் கவனித்துப் பராமரிக்கும் வணிகர்கள்கூட, இந்தப் பெட்டி கேபிள்காரர் வைத்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று இருந்துவிடுவது வழக்கம்.

இந்தப் பெட்டி நம் கடைக்குள் இரண்டு லைன்களைச் சேர்க்கிறது. ஒன்று மின்சார லைன். மற்றொன்று தெருவிலிருந்து, மொட்டை மாடியைத் தாண்டி வரும் கேபிள் லைன். ரிமோட்டில் பெட்டியை அணைத்தால் இந்த இரண்டில் ஒன்றுகூடத் துண்டிக்கப்படுவதில்லை. சுவரிலுள்ள ஸ்விட்சை அணைத்தாலும் கேபிள் லைன் அப்படியேதான் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை முதலாளி முதல் கடைப் பையன் வரை எல்லோரும் தெரிந்துகொண்டால், கடைக்கும் உயிருக்கும் வரக்கூடிய பல ஆபத்துகளைத் தவிர்க்கலாம்.

பெட்டி எதற்காக வந்தது?

முன்பு கேபிள் கம்பியை நேராக டி.வி.யில் செருகினால் படம் வந்தது. அது அனலாக் முறை. சென்னையில் 2003 செப்டம்பரில் கட்டணச் சேனல்களுக்குப் பெட்டி வேண்டும் என்ற முறை தொடங்கியது. 1995ஆம் ஆண்டின் கேபிள் டி.வி. சட்டம் 2011இல் திருத்தப்பட்டு, நாடு முழுவதும் நான்கு கட்டங்களாக டிஜிட்டல் முறை கட்டாயமாக்கப்பட்டது. நான்காவது கட்டத்துக்கு வைத்த கடைசித் தேதி 31.3.2017. தமிழ்நாட்டில் அரசு கேபிள் டி.வி. நிறுவனமும் 2017 முதல் பெட்டிகளை வழங்கியது.

டிஜிட்டல் முறையில் படமும் ஒலியும் எண்களாகச் சுருக்கப்பட்டு, பூட்டுப் போட்டு அனுப்பப்படுகின்றன. அந்தப் பூட்டைத் திறந்து, எண்களை மறுபடியும் படமாக்குவதுதான் பெட்டியின் வேலை. முன்பு ஒரு சேனல் போன இடத்தில் இன்று பத்துக்கு மேற்பட்ட சேனல்கள் போகின்றன. ஆகவே பெட்டியும் ஒரு சிறு கம்ப்யூட்டர்தான். அதற்கும் காற்றோட்டம் வேண்டும், ஒழுங்கான மின்சாரம் வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலாவதாக, இணைப்பு கடையின் பெயரிலும் கடையின் விலாசத்திலும் இருக்க வேண்டும்.  வீட்டுப் பெட்டியைத் தூக்கி வந்து கடையில் மாட்டுவதும், பக்கத்து மாடியிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக்கொள்வதும் பின்னால் வழக்கு வந்தால் பதில் சொல்ல முடியாத காரியங்கள். விண்ணப்பத்தின் நகலையும் பணம் கட்டிய ரசீதையும் கேட்டு வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும்.

இரண்டாவதாக, பெட்டியின் அடியிலுள்ள எண்ணைக் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். சேனல் திறக்கவும் பழுது சொல்லவும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

மூன்றாவதாக, பி.ஐ.எஸ். பதிவு முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2012ஆம் ஆண்டு ஆணையிலிருந்தே செட்டாப் பாக்ஸ் கட்டாயப் பதிவுக்கு உட்பட்ட பொருள். அடாப்டர் பழுதாகிப் புதிதாக வாங்கும்போது இது மிகவும் முக்கியம். பெட்டியில் 12 வோல்ட் என்று போட்டிருந்தால் அடாப்டரும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். ஆம்பியர் பெட்டி கேட்பதற்குக் குறையக் கூடாது, கூடுதலாக இருக்கலாம். பின்னின் உள்பக்கம் பிளஸ், வெளிப்பக்கம் மைனஸ் என்ற குறி பெட்டியில் இருப்பதுபோலவே அடாப்டரிலும் இருக்க வேண்டும். முத்திரையில்லாத மலிவு அடாப்டரில் 230 வோல்ட் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே உள்ள காப்பு பலவீனமாக இருக்கலாம். அது உடைந்தால் பெட்டி, கேபிள், டி.வி. எல்லாவற்றிலும் மின்சாரம் ஏறும்.

எங்கே வைப்பது?

டி.வி.யின் தலையிலோ, மூட்டைக்கும் சுவருக்கும் நடுவிலோ பெட்டியை வைக்கக் கூடாது. சுற்றிலும் நான்கு விரற்கடை இடைவெளி வேண்டும். மேலே பில் புத்தகம், துணி எதையும் போடக் கூடாது. மாவு, மிளகாய்த் தூள், பஞ்சு ஆகியவற்றின் தூசி காற்றுத் துளைகளில் படிந்தால் சூடு வெளியேறாது. வாரம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஈரத் துணி கூடாது.

நம் கடைகளில் டி.வி.யும் சாமி படமும் பெரும்பாலும் ஒரே சுவரில்தான் இருக்கின்றன. விளக்கும் ஊதுபத்தியும் ஏற்றும் பலகைக்கு அடியில் பெட்டி இருக்கக் கூடாது. எண்ணெய் சொட்டினாலும் ஆபத்து, நெருப்புத் துண்டு விழுந்தாலும் ஆபத்து.

பொருத்தும் முறை

சேர்க்கும்போது மின்சாரத்தைக் கடைசியில் கொடுப்பதும், பிரிக்கும்போது அதை முதலில் எடுப்பதும் சரியான முறை. இந்த வரிசை என்றும் மாறக் கூடாது.

1) டி.வி., பெட்டி இரண்டின் பிளக்குகளும் வெளியே இருக்கட்டும்.

2) பெட்டிக்கும் டி.வி.க்கும் நடுவே எச்.டி.எம்.ஐ. வயரைச் செருக வேண்டும். பழைய டி.வி.யானால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை அதே நிறத் துளைகளில் செருக வேண்டும்.

3) கேபிள் முனையில் திருகு கனெக்டர் இருக்க வேண்டும். நடுக் கம்பியை வெறுமனே துளையில் குத்திவைப்பதும், வெளிச் சல்லடைக் கம்பியின் ஒரு இழை நடுக் கம்பியைத் தொடுவதும் படம் உடைவதற்கு வழக்கமான காரணங்கள். ஒரு கம்பியைப் பல டி.வி.களுக்குப் பிரிப்பதானால் அதற்குரிய ஸ்பிளிட்டரைப் போட வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது கூடாது.

4) பிறகு பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, டி.வி. ரிமோட்டில் சோர்ஸ் பொத்தானை அழுத்தி, எந்தத் துளையில் செருகினோமோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேமராப் படமும் அதே டி.வி.யில் தெரியும் கடைகளில், எச்.டி.எம்.ஐ. 1 கேபிள், எச்.டி.எம்.ஐ. 2 கேமரா என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவைத்தால் தினமும் வரும் குழப்பம் தீரும்.

5) பெட்டியின் மெனுவில் சேனல் தேடல் செய்ய வேண்டும். கேபிள்காரர் பெட்டியைத் திறந்துவிட்டதாகச் சொன்ன பிறகு சில நிமிடங்கள் அணைக்காமல் வைத்திருக்க வேண்டும். திறக்கும் ஆணை கேபிள் வழியாகவே வருவதால், அணைந்து கிடக்கும் பெட்டிக்கு அது போய்ச் சேராது.

படம் வராவிட்டால் உடனே பெட்டியைக் கழற்ற வேண்டியதில்லை. திரையில் வருவதைப் படித்தாலே பாதி விடை கிடைக்கும். பெட்டியின் மெனு தெரிந்து, சிக்னல் இல்லை என்று வந்தால் கேபிளில் கோளாறு. மெனுவே தெரியாவிட்டால் சோர்ஸ் தவறு, அல்லது எச்.டி.எம்.ஐ. வயர் கழன்றிருக்கிறது. சில சேனல்கள் மட்டும் வராமல் சந்தா இல்லை என்று வந்தால் அது கட்டண விஷயம்.

கேபிளில் ஷாக் அடிப்பது ஏன்?

கேபிளைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதில் இரண்டு வகை உண்டு. இரண்டு முள் பிளக் உள்ள டி.வி.யிலும் பெட்டியிலும் மிகச் சிறிய கசிவு மின்சாரம் இருப்பது இயல்பு. ஆனால் கேபிளின் வெளிச் சல்லடை ஒரு தெருவிலுள்ள எல்லா டி.வி.களையும் ஒன்றாக இணைக்கிறது. சரியான எர்த் இல்லாத இடத்தில் ஐம்பது வீட்டுக் கசிவும் ஒன்றுசேர்ந்து நம் கையில் பாயலாம். ஸ்டூல் மேல் ஏறி நிற்பவர் அந்த அதிர்ச்சியில் கீழே விழுந்தாலே போதுமான விபத்து.

இரண்டாவது வகை உயிருக்கே ஆபத்தானது. தெருவில் கேபிள் பெரும்பாலும் மின் கம்பத்தை ஒட்டியே போகிறது. காற்றிலும் மழையிலும் மின் கம்பி அறுந்து கேபிள்மேல் விழுந்தால் 230 வோல்ட்டும் நம் கடைக்குள் வரும். அறுந்து தொங்கும் கேபிளைக் கடைப் பையனை விட்டுத் தூக்கிக் கட்டச் சொல்லவே கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை யாரும் நெருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷாக் லேசானதா, பெரியதா என்று நாமே தீர்மானிக்கக் கூடாது. டெஸ்டர் விளக்கு இரண்டிலும் எரியும். எலக்ட்ரீசியன்தான் அளந்து சொல்ல வேண்டும்.

நம் கடைச் சுவரில் கேபிள்காரரின் நோடு பெட்டியோ ஆம்பிளிபயரோ மாட்டி, நம் மீட்டரிலிருந்து மின்சாரம் எடுப்பதும் பல ஊர்களில் உண்டு. முகத்தாட்சண்யத்துக்காக அனுமதித்தாலும், அதற்குத் தனிப் பியூஸும் எர்த்தும் போட்டு, தெருவிலுள்ள ஈரத்துக்கும் மழைக்கும் எட்டாதபடி மூடிவைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கடை முழுவதற்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டிருந்தால், கடையின் மின் இணைப்பிலிருந்து ஆள்மீது மின்சாரம் பாயும்போது அது உடனே துண்டித்துவிடும். தெருக் கேபிள் வழியாக வரும் மின்சாரத்தை அதனால் தடுக்க முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இடியும் மின்னலும்

தமிழ்நாட்டில் சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இடி மின்னல் அதிகம். மின்னல் நேராகக் கடையில் விழ வேண்டும் என்பதில்லை. தூரத்தில் விழுந்தாலும் நீளமான கேபிளில் பல மடங்கு வோல்ட் ஏறும்.

நமக்குத் தெரிந்த ஒரு பருப்பு மொத்த வியாபாரக் கடையில் இரவு பூட்டும்போது மெயின் ஸ்விட்சை முறையாக அணைத்துவிட்டே போனார்கள். இரவு இடியுடன் மழை. காலையில் பெட்டியும் டி.வி.யும் கேமரா ரெக்கார்டரும் பில் போடும் கம்ப்யூட்டரும் போய்விட்டன. கேபிள் வழியாக வந்தது பெட்டியிலிருந்து எச்.டி.எம்.ஐ. வயரில் டி.வி.க்கும், அங்கிருந்து ரெக்கார்டருக்கும், அதிலிருந்து நெட்வொர்க் வயரில் கம்ப்யூட்டருக்கும் போயிருக்கிறது. பெட்டியின் விலை பெரிதல்ல. கடன் பாக்கிக் கணக்கைக் கணக்குப்பிள்ளை சீட்டு சீட்டாகப் பார்த்து மறுபடியும் எழுத வேண்டியிருந்தது. நிலுவைக்காரர்களிடம் போய் உங்கள் பாக்கி எவ்வளவு என்று கேட்கும் நிலை எந்த வணிகருக்கும் வரக் கூடாது.

ஆகவே இரவில் கேபிள் திருகையும் கழற்றிவிட வேண்டும். கழற்றிய முனை வேறு எந்த உலோகத்தையும் தொடாமல் இருக்கட்டும். இடி இடிக்கத் தொடங்கிய பிறகு கேபிளையோ பிளக்கையோ தொடக் கூடாது; வானம் இருட்டும்போதே எடுத்துவிட வேண்டும். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் எர்த் இணைப்புப் போடச் சொல்லிக் கேட்பதும் நல்லது. ஆனால் அருகில் விழும் மின்னலுக்கு எந்தக் கருவியும் முழுக் காப்பு அல்ல.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று இருந்துவிடவும் முடியாது. நாம் நெடுங்காலம் எடுத்து வந்த ஸ்டாண்டர்டு தீ பாலிசியில், ஷார்ட் சர்க்யூட், மின் கசிவு போன்றவற்றால், அவை மின்னலால் வந்தவையாக இருந்தாலும், அந்த மின் கருவிக்கே ஏற்படும் சேதத்துக்கு நஷ்ட ஈடு இல்லை என்று ஒரு ஷரத்து உண்டு. அதிலிருந்து தீ பரவிச் சரக்கு எரிந்தால்தான் அந்தச் சரக்குக்குக் கிடைக்கும். நம் கையிலுள்ள பாலிசியில் இந்த வரி எப்படி இருக்கிறது என்று ஏஜெண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூட்டிய கடையில் எரியும் பெட்டி

ரிமோட்டில் அணைத்த பெட்டியும் மின்சாரம் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. பல பெட்டிகளில் ஓடும்போது இழுப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் கிடையாது. 8 வாட் என்று வைத்துக்கொண்டால், கடை பூட்டியிருக்கும் 14 மணி நேரத்துக்கு மாதம் சுமார் மூன்றரை யூனிட் ஆகும். தொகை சிறியது. ஆனால் ஷட்டர் இறக்கிய கடைக்குள், சாக்குக்கும் அட்டைப் பெட்டிக்கும் நடுவில், பார்க்க ஆளில்லாமல் ஒரு அடாப்டர் சூடாகிக்கொண்டிருக்கிறது. ஒரே ஜங்ஷன் பாக்ஸில் இன்னும் நான்கு பிளக்குகள் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கேமராவுக்கு இரவில் மின்சாரம் வேண்டும் என்றால் அதற்குத் தனி லைன் போட்டு, மற்றவற்றை அணைத்துவிட வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள கடைகளில் மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் மின்சாரம் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

தீப்பிடித்தால் முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர் பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் ஒன்று கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஒருவரை மின்சாரம் பிடித்தால் அவரைத் தொடாமல் மெயினை அணைத்துவிட்டு 108ஐக் கூப்பிட வேண்டும்.

கடை மூடும்போது

1) டி.வி., பெட்டி ஸ்விட்ச் அணைத்து, பிளக் எடுத்தாயிற்றா?
2) கேபிள் திருகு கழற்றியாயிற்றா?
3) பெட்டிமேல், அடாப்டர்மேல் ஏதாவது கிடக்கிறதா?
4) ஊதுபத்தி, விளக்கு அணைந்ததா?
5) இன்வெர்ட்டர் லைன் பார்த்தாயிற்றா?

இந்த ஐந்தையும் ஒரு அட்டையில் எழுதி ஷட்டர் சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் தொங்கவிடலாம். இதைப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. கடையில் எத்தனை பேர் வேலை செய்தாலும் இந்த வேலை இன்னாருடையது என்று ஒருவர் பெயருக்குச் சொல்லிவிட வேண்டும். பொதுவாகச் சொன்னால் ஒருவரும் செய்யமாட்டார்கள் என்பது வியாபாரத்தில் நாம் எல்லோரும் அறிந்ததுதான்.