ஹேண்ட் பிரேக்கிலிருந்து தொடங்குங்கள்

பழைய வேனுக்கு டிஸ்க் பிரேக் போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடுவது காலிப்பரை. ஹேண்ட் பிரேக் நினைவுக்கு வருவது எல்லாம் மாட்டி முடித்த பிறகுதான். என் ஸ்டாண்டர்டு 20-க்கு நானும் அந்த வரிசையில்தான் வேலை செய்தேன். நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் என்று முடிவெடுத்து, பின்சக்கர டிரம், ஷூ, பேக்கிங் பிளேட் எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டது நான் செய்த தவறுகளிலேயே பெரியது. செலவில் பாதிக்கு மேல் அதைத் திருத்தத்தான் போனது. ஆகவே இந்த வேலையின் வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்கிறேன். வண்டி எப்படி நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், ஓடும் வண்டியை எப்படி நிறுத்துவது என்பதற்கு அப்புறம் வரலாம்.

டிஸ்க் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு அட்லஸ் வேனை ஒட்டிச் சென்னையில் தயாரான வண்டி இது. நான்கு சக்கரத்திலும் டிரம்தான். பள்ளிப்பட்டில் வண்டி வைத்திருப்பவருக்கு டிரம்மின் குறை விளக்காமலே புரியும். கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் வரும் நாளில் தரைப்பாலத்தைத் தாண்டினால் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து லைனிங் நனைந்துவிடும். அக்கரை ஏறியதும் மிதித்தால் பிடிக்காது. டிஸ்க் வெளியே திறந்து கிடப்பதால் இரண்டு மிதியில் உலர்ந்துவிடும். இறக்கத்திலும் அப்படித்தான். சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது, பெடல் ஆழமாக இறங்குகிறது. டிஸ்க் சூடேறினால் பேடை நோக்கித்தான் தடிக்கும். திருப்பதி மலைப்பாதையில் ஆள் ஏற்றி இறக்கும் வண்டிக்கு இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது.

ஆனால் ஓடும்போது டிஸ்க்குக்குச் சாதகமாக இருக்கும் அதே இயற்பியல், வண்டி நின்றதும் டிரம் பக்கம் சாய்கிறது. சூடான டிரம் ஆறும்போது சுருங்கி ஷூவை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். சூடான டிஸ்க் ஆறும்போது மெலிந்து பேடின் பிடியைத் தளர்த்தும். மலை ஏறி இறங்கிச் சரிவில் நிறுத்திய வண்டி, இழுத்த ஹேண்ட் பிரேக்கோடு கால் மணி நேரம் கழித்து நகர்வதற்கு இதுதான் காரணம். இது போக, சாதாரண காலிப்பருக்குப் பிரேக் ஆயில் அழுத்தத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. டிரம்முக்குள் இருப்பதைப் போல் கேபிள் மாட்ட அதில் ஒரு நெம்புகோல் கிடையாது. அதற்குப் பதிலாக லைனில் ஒரு பூட்டு வால்வைப் போட்டு, மிதித்த அழுத்தத்தை அப்படியே பிடித்து வைக்கலாம் என்று விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள். ஆயில் ஆறினால் அழுத்தம் குறையும், சீல் துளி கசிந்தாலும் குறையும். நம் வண்டிகளில் இருப்பது ஒற்றை லைன் மாஸ்டர் சிலிண்டர். ஒரு ஹோஸ் வெடித்தால் கால் பிரேக் முழுவதும் போய்விடும். அப்போது கையில் மிஞ்சுவது கேபிளில் இழுக்கும் ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். அதையும் அதே ஆயிலை நம்பி வைத்தால் இரண்டு பிரேக் இருந்தும் ஒன்று இருப்பதற்குச் சமம்.

‘கியரில் போட்டு ஒரு கல்லை வை’ என்பது பட்டறைகளில் கேட்கும் பதில். டிரம்மைக் கழற்றச் சொன்னவர்களே இந்தப் பதிலையும் சொல்வதுதான் எனக்கு ஆறவில்லை. கல் வைக்க ஒருவர் வண்டியை விட்டு இறங்கியாக வேண்டும், அவர் இறங்கும்வரை வண்டியைப் பிடித்து நிறுத்துவது எது?

ஹேண்ட் பிரேக் நெம்புகோலோடு வரும் பின்சக்கர காலிப்பர் இருக்கிறதே என்பது நியாயமான மறுப்பு. நானும் கடைசியில் அதற்குத்தான் வந்து சேர்ந்தேன். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு காலிப்பரின் பின்பக்கம் பாருங்கள். கேபிள் மாட்டும் கைக்கு ஒரு சின்ன நிறுத்தம் இருக்கும். ஹேண்ட் பிரேக்கை விட்டதும் அந்தக் கை நிறுத்தத்தில் போய் முட்டி உட்கார வேண்டும். கேபிளைத் தொய்வில்லாமல் இறுக்கிவிட்டால் கை முட்டாது, நூலளவு இடைவெளி நிற்கும். அந்த இடைவெளி இருந்தால் பேட் தேயத் தேயப் பிஸ்டனை முன்னே நகர்த்தும் உள் திருகு வேலை செய்யாது. முதல் வாரம் ஹேண்ட் பிரேக் அருமையாகப் பிடிக்கும், பிறகு நாளுக்கு நாள் இறங்கும். மேலும் இறுக்கினால் மேலும் கெடும். முதலில் கால் பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பேடை உட்கார வைத்து, கேபிளை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். புதுப் பேட் மாட்டும்போதும் அந்தப் பிஸ்டனை அமுக்கக் கூடாது, சுற்றித்தான் உள்ளே தள்ள வேண்டும். அமுக்கினால் திருகு உடையும். புதுப்பேட்டையில் வாங்கும் பழைய காலிப்பர்களில் பல இப்படி உடைக்கப்பட்டவைதான். வாங்குமுன் கையை அசைத்து, பிஸ்டன் நகர்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? முன்னால் டிஸ்க், பின்னால் பழைய டிரம் என்று விட்டால் போதும். அது அரைகுறை வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். மாருதியின் ஆல்டோவும் ஈக்கோவும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்மோடுதான் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் பாய்வதால் சுமையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கே போகிறது. மற்றவை வழக்கமான வேலைகள். ஹப்புக்கும் காலிப்பருக்கும் அடாப்டர் பிளேட்டை லேத்தில் கடைந்து வாங்குவது, டாட் 4 ஆயில் ஊற்றி ஏர் எடுப்பது எல்லாம் நல்ல மெக்கானிக் ஒருவர் பார்த்துக்கொள்வார். இரண்டை மட்டும் நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள். டிரம் பிரேக்குக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரின் வாயில், லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கும் சிறு வால்வு இருக்கும். அது முன்சக்கர லைனில் இருந்தால் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். டிரம் ஷூ சுழற்சியிலேயே தன்னை இறுக்கிக்கொள்ளும், பேடுக்கு அந்த உதவி இல்லை. அதனால் பூஸ்டர் தேவை. டீசல் இன்ஜின் மாற்றியிருந்தால் பூஸ்டருக்கு வேக்குவம் பம்பும் தேவை.

பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் முன் வண்டியை நிறுத்தும் நாளும் வரும். 15 ஆண்டு தாண்டிய சொந்த வண்டியின் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 96-வது விதி, கால் பிரேக்கும் பார்க்கிங் பிரேக்கும் தனித்தனியாக இயங்க வேண்டும் என்கிறது. 1988 சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே டிரம்மைக் கழற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அங்கே போவதற்கு முன் ஒரு சோதனையும் வேண்டும். திருத்தணி மலைச் சாலையில் ஆள் ஏற்றிய வண்டியை, பிரேக் சூடாக இருக்கும்போதே நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டு நிறுத்துங்கள். சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கட்டை வையுங்கள். அரை மணி நேரம் கழித்து அந்த ஒரு சாண் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.