கல்லில் இல்லாத பெயர்

அக்குறணை,
திங்கட்கிழமை இரவு

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. நாலு பக்கம். முதல் மூன்று பக்கமும் தோட்டத்துக் கோயிலுக்கு நீங்கள் செய்த வேலைகள். நாலாம் பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. புதுக் கூரை போட்டுத் திறந்த அன்று சுவரில் பதித்த பளிங்குக் கல்லில் உங்கள் பெயர் இல்லை. தகடு ஏற்றிய லொறியோடு அந்த மலைப் பாதையில் இரண்டு தடவை ஏறி வந்தவர் நீங்கள். ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காத ஒருவருடைய பெயர் 'தலைவர்' என்ற பட்டத்தோடு மூன்றாம் வரியில் இருக்கிறது. இனி அந்த வாசலை மிதிக்கலாமா, இல்லை டவுனில் புதிதாகத் தொடங்கியிருக்கும் சபைக்குப் போய்விடலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் பெயரைப் போடாமல் பதிலை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதச் சொன்னதால் இங்கே எழுதுகிறேன்.

கல்லில் பெயர் விடுபட்டால் எனக்கும் வலிக்கும். ஒரு வருடம் திருவிழா மலரில் என் கட்டுரையை இன்னொருவர் பெயரில் அச்சடித்துவிட்டார்கள். இரண்டு ஞாயிறு நான் பூசைக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டேன். "சந்தைக்குப் போகிறபோது மட்டும் அந்த முழங்கால் எங்கே போகிறது?" என்று என் மனைவி கேட்டாள். மூன்றாம் ஞாயிறு போனேன். பக்தியால் போனேன் என்று சொல்ல மாட்டேன்.

கண்டிக்கு வந்தால் ஒரு தடவை டிரினிட்டி கல்லூரிச் சிற்றாலயத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கிலிக்கன்காரருடையது, நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். கண்டி அரசனின் மகுல் மடுவ என்ற அரசவை மண்டபம் போல, செதுக்கிய கருங்கல் தூண்கள் நிற்க, பக்கச் சுவர் இல்லாமல் காற்றோட்டமாகக் கட்டிய கோயில். டேவிட் பெயின்டர் அதில் வரைந்த சுவரோவியங்களில் ஒன்று, செபதேயுவின் மனைவி தன் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இயேசுவின் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆசனம் கேட்கிற காட்சி. இன்னொன்று, இயேசு சீடர்களின் கால் கழுவுகிற காட்சி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினமும் பார்க்கிற இடத்தில் இந்த இரண்டையும் வைக்க நினைத்தவருக்கு நல்ல மூளை.

அந்தத் தாயைப் பற்றி எல்லோரும் பிரசங்கம் வைப்பார்கள். எனக்கு உறுத்துவது அடுத்த வசனம். மற்றப் பத்துப் பேரும் அந்தச் சகோதரர்கள் மேல் கோபப்பட்டார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். ஏன் கோபம்? கேட்டது பிழை என்றா, தங்களுக்கு முந்திக் கேட்டுவிட்டார்கள் என்றா? தம்பி, உங்கள் நாலாம் பக்கத்தை மறுபடி வாசித்தேன். கோயிலுக்கு நடந்த பிழையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. மூன்றாம் வரியில் இருப்பவரைப் பற்றிப் பதினெட்டு வரி இருக்கிறது.

இடம் கேட்காத ஒருவர், யோசேவாஸ் அடிகளாருக்கு இப்போது வருகிறேன். நீங்களும் நானும் சின்ன வயதில் படத்தில் பார்த்து வளர்ந்தவர்தான், ஆனாலும் வருடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. 1651இல் கோவாவில் பிராமண வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே ஒரட்டோரியன் சபைக்குத் தலைவராக இருந்தார். அந்தப் பதவியை விட்டுவிட்டு 1686இல் இலங்கைக்கென்று புறப்பட்டார். அப்போது கரையோரம் ஒல்லாந்தர் கையில். கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1658இலேயே கட்டளை போட்டிருந்தார்கள். இவர் கூலியாள் வேடத்தில் 1687இல் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்தில் கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டு, மாலையை உற்றுப் பார்க்கிற முகங்களை வைத்துத் தன் சனத்தைக் கண்டுபிடித்தார். கிட்டத்தட்டப் பத்து வருடம் இந்தத் தீவு முழுவதற்கும் இவர் ஒருவர்தான் குரு.

1692இல் கண்டிக்கு வந்தார். வரவேற்பு சிறைதான். போர்த்துக்கேய ஒற்றன் என்று அரசவையில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். பிறகு இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் கட்டைத் தளர்த்தினான். ஊருக்குள் நடமாடலாம், ஆற்றைத் தாண்டக் கூடாது என்று அவர் வரலாற்றில் வருகிறது. மகாவலிதான் ஆறு. நான் ஞாயிறுதோறும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்ஸுக்குள் நின்றபடி அதைத் தாண்டிப் பூசைக்குப் போகிறேன். இந்தப் பக்கம் இருக்கிற நம்மிடம் வர முடியாமல் அந்தக் கரையில் ஒரு மனிதர் நின்றிருப்பார் என்று சில நாள் நினைப்பு வரும். சில நாள் இருக்கை கிடைத்தால் தூங்கிவிடுவேன்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் மழை பெய்வித்த புதுமையைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு 1697தான் பெரிது. அந்த வருடம் கண்டியில் அம்மை நோய் பரவியது. சொந்தக்காரரே நோயாளியைக் காட்டில் விட்டுவிட்டு ஓடிய நேரம். இவர் குடிசை போட்டு அவர்களைக் கிடத்தி, புண்ணைக் கழுவி, சோறு ஊட்டி, செத்தவர்களுக்குக் குழி வெட்டினார். கிறிஸ்தவரா, பௌத்தரா என்று பார்க்கவில்லை. பிறந்த சாதிக்குத் தீட்டு என்று சொல்லப்பட்ட அத்தனையும் அந்த ஒரு வருடத்தில் அவர் கையில் ஒட்டியிருக்கும்.

கொச்சி ஆயர் அவரை இலங்கைக்குத் தம் குருமுதல்வராக நியமித்தபோது ஏற்றுக்கொண்டார். 1705இல் பாப்பரசரின் தூதர் துர்னோன் அவரை ஆயராக்க விரும்பியபோது மறுத்துவிட்டார். இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தாழ்மை என்றால் எதையும் ஏற்காமல் மூலையில் குந்தியிருப்பது என்று நம் ஆட்கள் சிலர் நினைக்கிறார்கள். பிறகு வந்து சேர்ந்த புதிய குருக்களைப் பிரித்து அனுப்ப அதிகாரம் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார். ஆயர் தொப்பி அந்த வேலைக்குத் தேவைப்படவில்லை.

எல்லா ஊருக்கும் குரு போக முடியாததால், போன இடமெல்லாம் ஊராரிலேயே ஒருவரைப் பொறுப்பாக வைத்தார்கள். மூப்பர் என்றும் அண்ணாவி என்றும் பெயர். செபம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, யார் பிறந்தார், யார் செத்தார் என்று கணக்கு வைப்பது, குரு வரும்வரை விளக்கு அணையாமல் பார்ப்பது அவர்கள் வேலை. அவர்களில் எத்தனை பேருடைய பெயர் உங்களுக்குத் தெரியும்? எனக்கு ஒன்றுகூடத் தெரியாது. நம் தோட்டத்து உபதேசியார்கள் அந்த வரிசையில் வந்தவர்கள். எங்கள் உபதேசியார் ஒரு மழைநாளில் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு லயத்துக்கு வந்து, என் பாட்டியின் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொன்னது நினைவிருக்கிறது. காலில் அட்டை கடித்து இரத்தம் வடிந்தது. செபமாலை முடிந்த பிறகுதான் சுண்ணாம்பு கேட்டார்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். கண்டி ஆயராக இருந்த லியோ நாணாயக்காரவை வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1959இல் ஆயரானவர். 1972இல் பதுளையைப் பிரித்துப் புது மறைமாவட்டம் ஆக்கியபோது, பேராலயமும் பெருமையும் உள்ள கண்டியை விட்டு, ஏழைச் சனம் அதிகம் இருந்த பதுளையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். 1982இல் சாகும்வரை அங்கேதான். உத்தியோகத்தில் இடமாற்றம் என்றாலே கொழும்புப் பக்கம் பார்க்கிற நாட்டில் இது அபூர்வம்.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கூரைக் காசில் கணக்குப் பிழை இருக்கிறது என்று நினைத்தால் சும்மா இருக்காதீர்கள். பங்குச் சபைக் கூட்டத்தில் எழுந்து, ரசீதுகளை மேசையில் வைக்கச் சொல்லுங்கள். தாழ்மை என்று சொல்லிக் கேள்வி கேட்பவர் வாயை அடைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. யோசேவாஸ் அடிகளாரும் கூலியாள் வேடம்தான் போட்டார், ஒல்லாந்தர் கட்டளைக்குப் பணியவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் கணக்கு இல்லை, கல் மட்டும்தான் இருக்கிறது.

புதிய சபைக்குப் போவது உங்கள் விருப்பம். அங்கே உள்ளவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அவர்களும் செபிக்கிறவர்கள். அங்கேயும் ஒரு நாள் கூரை ஒழுகும், தகடு வாங்குவார்கள், திறப்பு விழா வைப்பார்கள். அப்போது எங்கே போவீர்கள் என்பதுதான் என் கவலை.

2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பிரான்சிஸ் பாப்பரசர் அடிகளாரைப் புனிதராக அறிவித்ததை நான் இங்கே அக்குறணையில் ஒரு தேநீர்க் கடை டிவியில்தான் பார்த்தேன். கடைக்கார நானா ஆற்றிக்கொண்டிருந்த தேநீரை வைத்துவிட்டு வந்து நின்றார்.

"மாஸ்டர், இவர் எங்கட கண்டியிலயா மௌத்தானது?"

"ஓம், 1711 ஜனவரி 16."

"எங்க அடக்கியிருக்கு?"

"அவரை அடக்கிய கோயிலை அடுத்து வந்த காலத்தில் அழித்துவிட்டார்கள். இடம் ஒருத்தருக்கும் தெரியாது நானா."

அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "அப்ப ஸியாரம் கட்ட ஏலாதே" என்றார். பிறகு பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடினார்.

கடிதத்தின் கடைசியில், கோயில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று எழுதவில்லை. கொடுத்துவிடப் போகிறேன் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சாவி இன்னும் உங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஃபாதர் உங்கள் தோட்டத்துக்கு வருவார் என்று சொல்லியிருந்தீர்கள். இந்தச் சனிக்கிழமையா, அடுத்ததா? லயத்துக் கிழவிகள் நாலு மணிக்கே வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். இப்போது பின்னேரத்தில் மழை.

அன்புடன்,
உங்கள் பழைய மாஸ்டர்