பட்டன் தேயாத டயர் ஏன் வெடித்தது?

கேள்வி: ஆண்டர்சன்பேட்டையில் தம்பியும் நானும் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறோம். பழைய அம்பாசிடர், பத்மினி கார்களை வாங்கிச் சரிசெய்து விற்பது தொழில். கார்களை ஏற்றிவரப் பெங்களூரில் ஒருவரிடம் நான்கு சக்கர ட்ரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். பொலிரோவில் கட்டி இழுக்கிறோம். போன மாதம் பேரணாம்பட்டிலிருந்து ஓர் அம்பாசிடரை ஏற்றிக்கொண்டு மலையேறி வந்தபோது, வி.கோட்டா தாண்டியதும் இடப்பக்கப் பின்டயர் வெடித்தது. ஸ்டெப்னி இல்லாததால் மெல்ல உருட்டிக்கொண்டே வந்தோம். பேத்தமங்கலம் வருவதற்குள் அதே பக்கத்து முன்டயரும் போய்விட்டது. நான்கிலும் பட்டன் புதிது போலவே இருந்தது. 165/80 ஆர் 14, 85 டி என்று எழுதியிருக்கிறது. ஒரு கடைக்காரர் பழைய கார் டயரே போதும் என்கிறார். இன்னொருவர் டிராக்டர் ட்ரெய்லர் டயர் போடச் சொல்கிறார். வீட்டில் வண்டியையே விற்றுவிடச் சொல்கிறார்கள். ட்ரெய்லரில்தான் கோளாறா? எந்த டயர் வாங்குவது?
எஸ்.ஆர்., ஆண்டர்சன்பேட்டை, கே.ஜி.எஃப்.

பதில்: ட்ரெய்லரை விற்க வேண்டாம் தம்பி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரும்பில் பெரிய கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டு டயர் போயும் ஆளுக்கு ஒன்றும் ஆகாமல், ஏற்றிய காரும் சாயாமல் வீடு வந்து சேர்ந்தீர்களே, அது பெரிய விஷயம். வீட்டில் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அதே டயரை மறுபடி மாட்டினால் அதேதான் நடக்கும்.

முதலில், பட்டனைப் பார்த்து ட்ரெய்லர் டயரை எடைபோடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தினமும் ஓடும் கார் டயர் தேய்ந்து சாகும். மாதத்துக்கு இரண்டு நடை போய்விட்டு மீதி நாளெல்லாம் வெயிலில் நிற்கும் ட்ரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். ரப்பருக்குள் ஒருவித மெழுகு கலந்திருக்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது அது கசிந்து மேலே வந்து, காற்றிலுள்ள ஓசோன் ரப்பரைத் தின்னாமல் காக்கும். நின்றே கிடக்கும் டயரில் அந்த மெழுகு சரியாக மேலே வருவதில்லை. அதனால் பக்கச் சுவரில் மயிரிழை போல வெடிப்பு விழும். மீதமுள்ள இரண்டு டயரையும் நல்ல வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள், தெரியும். இன்னொன்று, ஷெட்டில் வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலா ட்ரெய்லரை நிறுத்துகிறீர்கள்? வெல்டிங் பொறியிலும் ஓசோன் உண்டாகிறது. இடத்தை மாற்றிவிடுங்கள்.

வயதைக் கண்டுபிடிப்பது எளிது. பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 1714 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 17-ஆவது வாரத்தில் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய சரக்கு, தங்கச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்து டயர். சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இந்த எண் முழுதாக இருக்கும், பல நேரம் அது உட்பக்கம் போயிருக்கும். குனிந்து டார்ச் அடித்துப் பார்க்கச் சோம்பல் படாதீர்கள். என் கணக்கில் ட்ரெய்லர் டயருக்கு ஆறு வருடம்தான் ஆயுள், பட்டன் எவ்வளவு இருந்தாலும்.

ஆனால் முதல் டயர் வயதில் போயிருந்தாலும் இரண்டாவது போனது கணக்கில். உங்கள் டயரில் உள்ள 85 என்பது லோடு இண்டெக்ஸ் (ஒரு டயர் தாங்கும் பாரத்தின் குறியெண்). 85 என்றால் 515 கிலோ. ட்ரெய்லரின் வெறும் எடை 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அம்பாசிடர் கிட்டத்தட்ட 1,150. மொத்தம் 1,850. இதில் பத்தில் ஒரு பங்கு பொலிரோவின் கொக்கியில் உட்கார வேண்டும். மீதி ஏறத்தாழ 1,660 கிலோ நான்கு டயரில். ஆளுக்கு 415. 515 தாங்கும் டயருக்கு 415 வந்தால் என்ன என்று தோன்றும். ஒரு டயர் போனதும் அந்தப் பக்கத்துப் பாரம் முழுக்க, அதாவது 830 கிலோவுக்கு நெருக்கமாக, பக்கத்து டயரின் தலையில் விழுந்திருக்கிறது. 515 தாங்குவதை 830-இல் உருட்டினீர்கள். பேத்தமங்கலம் வரை வந்ததே அதிகம்.

பஞ்சர் ஆகாத நாளிலும் இது நடக்கிறது. கே.ஜி.எஃப். தெருக்களில் ஹம்ப்புக்குப் பஞ்சமா? முன் அச்சு ஹம்ப்பின் மேல் ஏறும் நொடியில் பின் அச்சு கிட்டத்தட்டத் தொங்கும், பாரமெல்லாம் இரண்டே டயரில் இருக்கும். இரண்டு அச்சின் பிளேட்டுகளையும் நடுவில் ஊஞ்சல் போல ஆடும் ஓர் இரும்பு இணைத்திருந்தால் பாரம் பகிர்ந்துகொள்ளும். உள்ளூர்ப் பட்டறையில் செய்த பல ட்ரெய்லர்களில் அது இருப்பதில்லை. உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். திருப்பங்களிலும் சிக்கல் உண்டு. இரட்டை அச்சு வண்டியை லைன் வீடுகளுக்கு இடையில் இறுக்கி வளைக்கும்போது டயர் உருளாமல் பக்கவாட்டில் இழுபடும். மெல்லிய பக்கச் சுவருள்ள கார் டயர் அதற்குச் செய்யப்பட்டதல்ல.

இதற்கெல்லாம் மேலே காற்று. காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக நெளியும், நெளிந்தால் சூடேறும், சூட்டில் உள்ளிருக்கும் இழையும் ரப்பரும் பிரிந்துவிடும். காரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் சொல்லிவிடும். பின்னால் வரும் ட்ரெய்லரில் நடப்பது ஓட்டுகிறவருக்குக் கடைசி வரை தெரியாது. உங்கள் பகுதியில் சுரங்க இயந்திரங்கள் செய்யும் பெமல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்களே, அவர்களிடம் டி.கே.பி.எச். என்று சொல்லிப் பாருங்கள். சுரங்கத்து டம்பர் டயருக்கு டன்னையும் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதையும் பெருக்கி ஓர் எல்லை வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் எவ்வளவு பெரிய டயரும் சூட்டில் உரிந்துவிடும். பாரமும் வேகமும் சேர்ந்தால் சூடு என்பது உங்கள் ட்ரெய்லருக்கும் பொருந்தும்.

இனி எதை வாங்குவது. பழைய கார் டயர் வேண்டாம், காரணம் சொல்லியாயிற்று. அமெரிக்காவில் கார் டயரை ட்ரெய்லரில் போட்டால் எழுதிய பாரத்தை 1.1-ஆல் வகுத்துக் குறைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். டிராக்டர் ட்ரெய்லர் டயர் பாரம் தாங்கும், வேகம் தாங்காது. அதில் பாரக் குறியெண்ணுக்குப் பக்கத்தில் ஏ8 என்று இருந்தால் 40 கிலோமீட்டர் வேகம்தான் அனுமதி. முளபாகல் போய் நெடுஞ்சாலை ஏறினால் உங்கள் தம்பி 40-இல் போவாரா? ரீட்ரெடிங் (பழைய உடம்பில் புதுப் பட்டன் ஒட்டுவது) தன்னளவில் கெட்டதல்ல, அரசுப் பேருந்துகளிலும் அதைப் போடுகிறார்கள். அவர்களுக்குத் தங்கள் டயரின் பிறப்பும் வளர்ப்பும் தெரியும். கடையில் உங்களுக்குக் கிடைப்பதன் உடம்பு யாருடையது, எத்தனை வயது என்று யார் சொல்வார்?

சிறு சரக்கு வண்டிக்கென்று வரும் எல்.டி. வகை டயரைக் கேளுங்கள். உங்கள் 14 அங்குல டிஸ்க்குக்கு 185 ஆர் 14 எல்.டி., 8 பி.ஆர். (எட்டு அடுக்கு வலு) சரியாக இருக்கும். அசோக் லேலண்ட் தோஸ்த் வண்டிக்குப் போடும் அளவு, ஆதலால் எந்த ஊரிலும் கிடைக்கும். அதில் 102/100 என்று இரண்டு எண் இருக்கும். முதல் எண் ஒற்றைச் சக்கரமாக ஓடும்போது, இரண்டாவது பின்னால் ஜோடி போடும்போது. 102 என்றால் 850 கிலோ. மேலே சொன்ன 830 இதற்குள் அடங்கிவிடுகிறது, அதனால்தான் இதைச் சொல்கிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டயரைத் தொடாதீர்கள். சரக்கு வண்டி டயருக்கு ஐ.எஸ். 15636 என்ற எண் இருக்கும். புது டயரிலும் நான்கு இலக்கத் தேதியைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். கடையில் தூங்கிய காலமும் வயதில் சேர்த்தி. நான்கையும் ஒரே அளவு, ஒரே வகையாக மாற்றுங்கள், ஐந்தாவதாக ஸ்டெப்னி. செலவு கூடத்தான், ஆனால் இரண்டு மட்டும் புதிது போட்டால் உயரம் கூடிய அச்சே பாரத்தைச் சுமக்கும்.

இந்த டயர் பழையதைவிடச் சுமார் 3 சென்டிமீட்டர் உயரம் கூட. மட்கார்டுக்கும், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவிலும் இடம் இருக்கிறதா என்று முதலில் டேப் வைத்து அளந்துவிடுங்கள். இடம் போதாவிட்டால் 165 ஆர் 14 எல்.டி. கேட்டுப் பாருங்கள், பாரக் குறியெண்ணைப் படிக்காமல் மட்டும் வாங்க வேண்டாம்.

கடைக்காரர்கள் சொல்லாமல் விடுவது டிஸ்க்கும் வால்வும். இந்த டயர் முழுப் பாரத்தில் கேட்கும் காற்று 65 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும், சரியான எண் பக்கச் சுவரிலேயே எழுதியிருக்கும். முப்பத்தைந்துக்குச் செய்த கார் டிஸ்க்கில் அதை அடைப்பது ஆபத்து. சரக்கு வண்டி டிஸ்க்காகப் பார்த்து, போல்ட் ஓட்டைகளின் வட்டம் பொருந்துகிறதா என்று சரிபார்த்து வாங்குங்கள். காருக்குப் போடும் சாதாரண ரப்பர் வால்வின் எல்லையும் 65-தான். நட்டு வைத்து இறுக்கும் உலோக வால்வு போடச் சொல்லுங்கள். காற்றைக் காலையில் வண்டி நகர்வதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடானதும் ஏழெட்டு பி.எஸ்.ஐ. ஏறிக் காட்டும். ஏறிவிட்டதே என்று திறந்துவிடக் கூடாது. சக்கர நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, முதல் ஐம்பது கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி பானா போடுங்கள். அப்படியே நான்கு ஹப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங்கில் கிரீஸ் இல்லை.

ஓடாத நாளில் அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்து, சக்கரத்தின் மேல் சாக்கு போட்டு நிழலில் நிறுத்துங்கள். ஏற்றிய நாளில் 60-க்கு மேல் போக வேண்டாம்.

ட்ரெய்லரின் ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. நம் சட்டப்படி ட்ரெய்லரும் தனியாகப் பதிவு செய்ய வேண்டிய வாகனம். அதன் பதிவில் டயர் அளவும் இருந்தால், புது அளவு போடுமுன் கே.ஏ. 08 ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸ் நேரத்தில் தகராறு வராது.

நான் போட்ட 700-உம் 1,150-உம் உத்தேசக் கணக்குதான். ஒரு நாள் அம்பாசிடரை ஏற்றி, எஞ்சின் பக்கம் முன்னால் இருக்கும்படி கட்டி, எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். ட்ரெய்லரின் நான்கு சக்கரமும் மேடையில் நிற்கும்போது ஒரு சீட்டு, முன் அச்சு மட்டும் நிற்கும்போது ஒரு சீட்டு வாங்குங்கள். இரண்டையும், இப்போது இருக்கும் டிஸ்க்கில் எத்தனை போல்ட் என்பதையும் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு 185 போதுமா, 15 அங்குலத்துக்குப் போக வேண்டுமா என்று சொல்கிறேன். எடை மேடைக்குப் போகும் அந்த ஒரு நடையைத் தவிர, அதுவரை அந்த ட்ரெய்லரில் எதையும் ஏற்ற வேண்டாம்.